குதிரையும் சவுக்கும்: மார்க்கம் வகுத்த எல்லை

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அகிலத்தாருக்கு அருட்கொடையாக வந்த நம் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

சில மாதங்களுக்கு முன் நம் மஹல்லாவில் ஒரு நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றி ஊர்வலமாக அழைத்து வந்தனர். பள்ளிவாசல் தெருமுனையில் யாரோ சரவெடியைக் கொளுத்திப் போட, குதிரை மிரண்டு பின்வாங்கியது. கடிவாளத்தைப் பிடித்திருந்தவர் தம் கையிலிருந்த சவுக்கால் அதன் முகத்திலேயே இரண்டு முறை விளாசினார். கண்ணுக்குக் கீழே தோல் தடித்தது. குதிரை அடங்கி நின்றது, ஊர்வலம் நகர்ந்தது. நாமும் அங்கேதான் நின்றிருந்தோம். ஒன்றும் சொல்லவில்லை. மண்டபத்துக்குச் சென்றோம், விருந்துண்டோம், துஆ ஓதித் திரும்பினோம்.

மறுநாள் மதரஸாவில் ஹதீஸ் பாடம். ஜாபிர் (ரலி) அவர்களின் களைத்துப்போன ஒட்டகத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அடித்து விரைவுபடுத்திய செய்தி அன்றைய பாடத்தில் வந்தது. முன்வரிசையில் இருந்த மாணவர் எழுந்து, “ஹஜ்ரத், ரசூலுல்லாஹ்வே ஒட்டகத்தை அடித்திருக்கிறார்களே! அப்படியானால் நேற்று அந்தக் குதிரையை அடித்தது சரியா, தவறா?” என்று கேட்டார். முகத்தில் அடிப்பது கூடாது என்று மட்டும் உடனே கூறினோம். அவர் விடவில்லை. “முகத்தில் இல்லாமல் வேறு இடத்தில் அடித்திருந்தால்?” என்றார். அந்தக் கேள்விக்கு விரிவான விடை நம்மிடம் அப்போது இல்லை. அடுத்த பாடத்தில் சொல்வதாகக் கூறிவிட்டுக் கிதாபுகளைப் புரட்டத் தொடங்கினோம். அவ்வாறு தேடிக் கண்டவற்றையே இங்கே வரலாற்று முறையில் வரிசைப்படுத்தித் தருகிறோம்.

குதிரைக்கு மார்க்கம் தந்த மதிப்பு

அரேபியாவில் ஒட்டகம் அன்றாட வாழ்வின் துணை. குதிரையோ அரிய செல்வம். புல்லும் நீரும் குறைந்த அந்நிலத்தில் ஒரு குதிரையை வளர்ப்பதற்குக் குடும்பமே தன் பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போரில் முஸ்லிம்களின் அணியில் ஓரிரு குதிரைகளே இருந்தன என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளதிலிருந்து அதன் அருமையை உணரலாம்.

திருக்குர்ஆனின் 100ஆவது அத்தியாயம், மூச்சிரைக்க விரைந்தோடும் குதிரைகளின் மீது சத்தியம் செய்து தொடங்குகிறது. குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவை மனிதன் ஏறிச் செல்வதற்காகவும் அலங்காரமாகவும் படைக்கப்பட்டதை 16ஆவது அத்தியாயம் நினைவூட்டுகிறது. சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளைப் பற்றி 38ஆவது அத்தியாயம் கூறும் இடத்தில், அவர்கள் அவற்றின் கால்களையும் கழுத்துகளையும் அன்போடு தடவிக்கொடுத்தார்கள் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழி வந்த விளக்கம். வேறு விளக்கம் கூறியோரும் உண்டு; ஆயினும் இமாம் தபரீ (ரஹ்) இவ்விளக்கத்தையே ஏற்புடையதாகக் கருதினார்கள். குதிரைகளின் முன்நெற்றி முடியோடு மறுமை நாள் வரை நன்மை பிணைந்திருக்கிறது எனும் கருத்துடைய நபிமொழியோ புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது.

ஆகவே சவுக்கைப் பற்றிய சட்டம், வெறும் சரக்கொன்றைக் கையாளும் சட்டமன்று. இறைவன் சத்தியம் செய்த ஓர் உயிரைக் கையாளும் சட்டம்.

நபிகளார் கையிலிருந்த சவுக்கு

மாணவர் கேட்ட கேள்வியின் மையத்துக்கு வருவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சவுக்கை எடுத்தார்களா? எடுத்தார்கள் என்பதே விடை. எதற்காக, எவ்வாறு எடுத்தார்கள் என்பதில்தான் பாடம் இருக்கிறது.

முதலில் ஜாபிர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. ஒரு போர்ப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் அவர்களின் ஒட்டகம் தளர்ந்து பின்தங்கிவிட்டது. அதை விட்டுவிடலாமா என்றே அவர்கள் எண்ணினார்கள். பின்னால் வந்த அண்ணலார் நிலைமையை விசாரித்தார்கள், துஆச் செய்தார்கள், ஒட்டகத்தைத் தட்டி எழுப்பினார்கள். கையிலிருந்த கோலால் உந்தினார்கள் என்று ஓர் அறிவிப்பு கூறுகிறது. அதன்பின் அந்த ஒட்டகம் முன்னெப்போதும் நடவாத வேகத்தில் நடந்தது. பிறகு அதனை ஓர் ஊக்கியாவுக்கு விலை பேசி வாங்கினார்கள். மதீனா சேர்ந்ததும் விலையையும் கொடுத்து, ஒட்டகத்தையும் அவருக்கே திருப்பியளித்தார்கள். பிறருடைய பிராணியைப் பயணத்தில் அடிப்பது பற்றி இமாம் புகாரி (ரஹ்) தனித் தலைப்பிட்டு இந்த ஹதீஸை அமைத்துள்ளார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. அடிப்பதற்கு முன் விசாரிப்பு இருந்தது. அடியோடு துஆ இருந்தது. அடி கோபத்தில் விழவில்லை; பின்தங்கிய தோழருக்கு உதவும் நோக்கில் விழுந்தது.

இரண்டாவது, ஆயிஷா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. அவர்கள் ஏறியிருந்த ஒட்டகம் முரண்டு பிடித்தது. அதனை அவர்கள் முன்னும் பின்னும் இழுத்து அடக்க முற்பட்டார்கள். நபியவர்கள் உடனே, மென்மையைக் கடைப்பிடிக்குமாறு அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். இது முஸ்லிமில் உள்ளது. ஜாபிரின் ஒட்டகம் களைத்திருந்தது. ஆயிஷாவின் ஒட்டகம் பழகாதிருந்தது. களைத்ததற்கு ஓர் உந்துதல், பழகாததற்கு மென்மை. பிராணி ஏன் தயங்குகிறது என்பதை அறியாமல் கோலை எடுக்கக் கூடாது என்பதை இவ்விரு செய்திகளையும் இணைத்துப் படிக்கும்போது உணர்கிறோம்.

மூன்றாவது, ஹிஜ்ரி 10ஆம் ஆண்டின் ஹஜ். அரஃபாவிலிருந்து மக்கள் வெள்ளம் திரும்பும் நேரம். பின்புறத்தில் ஒட்டகங்களை அதட்டும் கடுமையான குரலும் அடிக்கும் ஓசையும் நபியவர்களின் செவியில் விழுந்தன. அவர்கள் தம் சவுக்கை உயர்த்தி மக்களை நோக்கிச் சைகை செய்தார்கள். அமைதி காக்குமாறு கூறினார்கள். விரைந்தோட்டுவதில் புண்ணியம் இல்லை என உணர்த்தினார்கள். இதனை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்க, புகாரி பதிவு செய்துள்ளார்கள். அதே பயணத்தில் தம் ஒட்டகம் கஸ்வாவின் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்து நிதானமாகச் சென்ற அவர்கள், மணல்மேடு வரும்போதெல்லாம் அது ஏறும் வரை கயிற்றைச் சற்றுத் தளர்த்திக் கொடுத்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்களின் நீண்ட ஹஜ் ஹதீஸ் கூறுகிறது.

சவுக்கு அவர்களின் கையில் இருந்தது. ஆனால் அன்று அது எந்தப் பிராணியின் முதுகிலும் விழவில்லை. அடிப்பவர்களைத் தடுக்கவே உயர்ந்தது. இந்தக் காட்சியைப் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறோம். நிக்காஹ் ஊர்வலத்தில் நின்ற அன்று மட்டும் அது நம் நினைவுக்கு வரவில்லை.

நான்காவது, தெளிவான தடை. முகத்தில் சூடு போடப்பட்ட கழுதை ஒன்றைக் கண்ட நபியவர்கள், அதைச் செய்தவனைச் சபித்தார்கள். முகத்தில் அடிப்பதையும் முகத்தில் சூடு போடுவதையும் தடுத்தார்கள். இது முஸ்லிமில் ஜாபிர் (ரலி) வழியாகவே வந்துள்ளது. இமாம்கள் இத்தடையை வலுவாகவே எடுத்துக்கொண்டனர். முகம் மென்மையான உறுப்புகள் கூடிய இடம்; ஓர் அடியில் கண் போய்விடும் என்பதை விளக்கவுரைகள் எடுத்துச் சொல்கின்றன.

பந்தயத்தில் கூச்சலுக்குத் தடை

வேகத்துக்காகவே குதிரை ஓட்டப்படும் இடம் பந்தயம். அங்கே மார்க்கம் என்ன சொன்னது?

நபியவர்கள் காலத்தில் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடந்தது. பயிற்சியளிக்கப்பட்ட குதிரைகள் ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடின. அன்றைய கணக்கில் அத்தூரம் 5 அல்லது 6 மைல். பயிற்சியளிக்கப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஏறத்தாழ 1 மைல் மட்டுமே. இளைஞராயிருந்த இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். பயிற்சி பெற்ற குதிரைக்கு ஒரு தூரம், பெறாததற்கு வேறு தூரம் என்ற இந்தப் பாகுபாடு எளிதாகக் கடந்து செல்லத்தக்கதன்று. ஆற்றலுக்கு மேல் எந்தக் குதிரையையும் ஓட்டக் கூடாது என்ற விதி அங்கே நடைமுறையாகவே இருந்தது.

அந்தப் பயிற்சிக்கு அரபியில் இள்மார் என்று பெயர். முதலில் குதிரைக்கு நன்றாகத் தீனி கொடுத்துக் கொழுக்க வைப்பார்கள். பிறகு தீனியைச் சிறிது சிறிதாகக் குறைப்பார்கள். போர்வை போர்த்தி வியர்க்க விடுவார்கள். உடல் இறுகி, மூச்சு நீளும். வேகம் பல நாள் உழைப்பில் வந்தது; கடைசி நிமிடச் சவுக்கடியில் வரவில்லை.

மேலும், பந்தயத்தில் ‘ஜலப்’, ‘ஜனப்’ என்னும் இரண்டு தந்திரங்கள் கூடா என்று ஒரு நபிமொழி உள்ளது. அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகியோர் இதைப் பதிவு செய்துள்ளனர். தன் குதிரையின் பின்னால் ஓர் ஆளை அனுப்பிக் கூச்சலிட்டு விரட்டச் செய்வது ஜலப். ஓடும் குதிரையின் பக்கத்தில் இன்னொரு குதிரையை ஓடவிட்டு, முதற்குதிரை களைத்ததும் அதில் தாவிக்கொள்வது ஜனப். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடமிருந்தும் இவ்வாறே விளக்கம் வந்துள்ளது. ஹன்பலீ மத்ஹபின் முதல் சட்டச் சுருக்கத்தை எழுதிய கிரகீ (ரஹ்) அவர்களும் பந்தய நேரத்தில் குதிரையை நோக்கிக் கத்துவது கூடாது என்று எழுதினார்கள். போட்டி இரு குதிரைகளின் இயல்பான ஆற்றலுக்கு இடையில் நடக்க வேண்டும். எந்தக் குதிரை அதிகம் அச்சுறுத்தப்பட்டது என்பதற்கு இடையில் நடக்கக் கூடாது.

கலீஃபாவின் கடிதம்

நபிமொழி, மனத்தில் நிற்கும் அறிவுரையாக மட்டும் இருந்துவிட்டதா, ஆட்சியிலும் இறங்கியதா? இதற்கு விடை கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் ஆட்சியில் கிடைக்கிறது. ஹிஜ்ரி 99 முதல் 101 வரை, அதாவது கி.பி. 717 முதல் 720 வரை, இரண்டரை ஆண்டு அளவே அவர்கள் ஆண்டார்கள்.

அன்று பேரரசின் செய்திகளைச் சுமந்து சென்றது பரீத் எனும் அஞ்சல் துறை. அதன் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் ஒரு நிலையத்திலிருந்து மறு நிலையத்துக்கு இடைவிடாமல் ஓட வேண்டும். செய்தி தாமதமானால் ஊழியருக்குத் தண்டனை. ஆகவே ஊழியர் தம் அச்சத்தைப் பிராணியின் மீது இறக்குவது இயல்பு. கலீஃபா அவர்கள் அஞ்சல் பாதைகளின் பொறுப்பாளருக்கு எழுதினார்கள்: பிராணிகளுக்குக் கனமான கடிவாளம் பூட்டக் கூடாது, அடியில் இரும்பு பதித்த கோலால் அவற்றைக் குத்தக் கூடாது.

எகிப்திலிருந்த தம் அதிகாரிக்கும் ஒரு கடிதம் அனுப்பினார்கள். அங்கே ஓர் ஒட்டகத்தின் மீது 1000 ராத்தல் வரை ஏற்றப்படுவதாக அவர்களுக்குச் செய்தி எட்டியிருந்தது. இனி 600 ராத்தலுக்கு மேல் ஏற்றக் கூடாது என ஆணையிட்டார்கள்.

இவ்விரு கடிதங்களும் ஒன்றையொன்று விளக்குகின்றன. சுமை அதிகமானால் பிராணி நிற்கும்; நின்றால் இரும்புக் கோல் வரும். கோலை மட்டும் தடுத்துச் சுமையை விட்டுவிட்டால் தடை நிலைக்காது. கலீஃபா அவர்கள் இரண்டையும் சேர்த்தே தடுத்தார்கள்.

நம் ஊர்களின் மாட்டுவண்டிக்காரர்கள் கையில் இருந்த தார்க்குச்சியை இங்கே நினைவுகூரலாம். நுனியில் ஆணி பதித்த அக்குச்சியை 1965ஆம் ஆண்டு இந்திய அரசு வகுத்த வண்டி, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் தடை செய்கின்றன. டமாஸ்கஸிலிருந்து அதையொத்த தடை புறப்பட்டு அப்போது 1200 ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

ஃபிக்ஹு நூல்கள் வரைந்த கோடு

அடுத்து, சட்ட அறிஞர்கள். ஹிஜ்ரி 620இல் (கி.பி. 1223) மறைந்த இமாம் இப்னு குதாமா (ரஹ்) தம் ‘அல்முக்னீ’யில் இந்தக் கேள்வியை நேரடியாக எடுத்துக்கொள்கிறார்கள். வாடகைக்குப் பிராணியை எடுத்தவர் அதனை அடிக்கலாமா? வழக்கத்தில் உள்ள அளவுக்கு அடிக்கலாம். கடிவாளத்தை இழுத்து நிறுத்தலாம். பயணக் கூட்டத்தோடு சேர்வதற்காக விரைவுபடுத்தலாம் என்கிறார்கள். ஜாபிரின் ஒட்டக நிகழ்ச்சியே இதற்கு ஆதாரம். குதிரையைப் பழக்குபவருக்கும் நடை, ஓட்டம் ஆகியவற்றைச் சீர்செய்யும் அளவுக்கு அந்த அனுமதி உண்டு.

அனுமதிக்கப்பட்ட அளவு அடித்தும் பிராணி இறந்துவிட்டால்? இங்கே இமாம்கள் கருத்து வேறுபட்டனர். மாலிக், ஷாஃபிஈ, அபூயூசுஃப், முஹம்மது (ரஹ்) முதலானோர் ஈடு தர வேண்டியதில்லை என்றனர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்), ஸுஃப்யானுஸ் ஸவ்ரீ (ரஹ்) ஆகியோரோ, அடித்தவர் ஈடு தர வேண்டும் என்றனர். அவர் செயலால்தானே அது இறந்தது என்பது அவர்களின் வாதம். நம் தமிழகத்தில் பின்பற்றப்படும் இரு பெரும் மத்ஹபுகளின் இமாம்களும் இதில் இரு பக்கம் நிற்கின்றனர். எனினும் வழக்கத்தை மீறிய அடிக்கு எவரும் அனுமதி தரவில்லை.

ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்), சந்தைகளை மேற்பார்வையிடும் முஹ்தஸிபின் கடமைகளை எழுதும்போது, தாங்க முடியாத வேலையைப் பிராணிகளிடம் வாங்கும் உரிமையாளரைக் கண்டித்துத் தடுப்பதும் அவர் பொறுப்பே என்றார்கள். ஹிஜ்ரி 660இல் (கி.பி. 1262) மறைந்த இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) ஒருபடி மேலே சென்று, மனிதன் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தினார்கள். கிழடாகியோ நோயுற்றோ பயன் தராமற் போனாலும் அதற்குத் தீனி தர வேண்டும். ஆற்றலுக்கு மேல் சுமத்தக் கூடாது என்பன அவற்றுள் சில. முதுமையால் நடை தளர்ந்த குதிரையைச் சவுக்கால் திருத்த முடியாது. அதற்கு உரியது ஓய்வு.

குதிரைவீரர்கள் அறிந்திருந்த உண்மை

ஃபிக்ஹு அறிஞர்களோடு, குதிரையோடே வாழ்ந்தவர்களும் எழுதினார்கள். 9ஆம் நூற்றாண்டில் அப்பாஸிய அரசின் குதிரை லாயங்களோடு தொடர்புடைய குடும்பத்தில் வந்த இப்னு அகீ ஹிஸாம், குதிரையேற்றம் பற்றியும் குதிரை மருத்துவம் பற்றியும் எழுதினார். ஃபுரூஸிய்யா எனும் கலையில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துகளுள் அவருடையவை அடங்கும். 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எகிப்தின் சுல்தான் நாஸிர் முஹம்மதின் குதிரை மருத்துவராக இருந்த அபூபக்ர் அல்பைத்தார், நோய் தீர்த்தலையும் பழக்குதலையும் இரு கலைகளாகக் கொண்டு பெருநூல் யாத்தார். சேணமில்லாத குதிரையின் வெறும் முதுகில் உட்காரப் பழகுவதையே அக்கலையினர் அடித்தளமாகக் கொண்டனர். உட்காரும் முறை உறுதியாக இருந்தால் தொடையும் கடிவாளமும் பேசும். சமநிலை இழந்தவனே கடிவாளத்தைத் தொங்கிப் பிடிப்பான்; சவுக்கையும் ஓயாமல் வீசுவான்.

குதிரையின் உடலமைப்பும் இதற்குச் சான்று. ஓர் ஈ உட்கார்ந்தாலும் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டக்கூடியது அது. தலையின் இருபக்கமும் கண்கள் அமைந்திருப்பதால் தனக்குப் பின்னே உயரும் கையையும் பெரும்பாலும் காணக்கூடியது. 2020இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், குதிரையின் மேல்தோல் மனிதத் தோலைவிடக் கனமானதன்று என்றும், வலியுணரும் நரம்பு முனைகளின் அடர்த்தியிலும் பெரிய வேறுபாடில்லை என்றும் கண்டனர். குதிரைக்கு உறைக்காது என்று சொல்லி அடிப்பவருக்கு இனி அந்தச் சாக்கும் இல்லை.

தேர்ந்த குதிரைக்காரர் சவுக்கைக் கையாளும் முறை இதுவே: முதலில் குரல், பிறகு கால், அதற்கும் பதில் இல்லையெனில் தம் காலுக்குச் சற்றுப் பின்னே விலாப்பக்கத்தில் இலேசான ஒரு தட்டு. குதிரை பதில் தந்த அக்கணமே நிறுத்திவிடுவார். பிழை நடந்து நேரம் கடந்தபின் விழும் அடியைக் குதிரை எதனோடும் பொருத்திப் பார்க்காது. அடிப்பவரைக் கண்டு அஞ்ச மட்டுமே கற்கும். மிரண்ட குதிரையை அடிப்பது அதனினும் கேடு. அதற்கு வெடிச்சத்தம் ஓர் அச்சம். அடி இரண்டாம் அச்சம்.

நம் கடற்கரையில் இறங்கிய குதிரைகள்

இந்த வரலாற்றில் நம் தமிழ்க் கரைக்கும் ஒரு பக்கம் உண்டு. பாண்டியர் காலத்தில் அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் குதிரைகள் கப்பலேறிக் காயல் முதலிய பட்டினங்களில் இறங்கின. வணிகம் முஸ்லிம்களின் கையில் இருந்தது. ராவுத்தர் என்னும் பெயரே குதிரைவீரரைக் குறித்து வந்த பெயர்தான்.

பெருமைக்குரிய செய்திகளோடு ஒரு கசப்பான செய்தியும் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, வாங்கிய குதிரைகளுள் பெரும்பகுதி ஓராண்டுக்குள் பராமரிப்பின்றி மடிந்ததாக எழுதினார். லாடமடித்து மருத்துவம் பார்க்கத் தெரிந்தவர் இங்கே இல்லை. அத்தகையோர் வராதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டனர். குதிரைகள் மடிந்தால்தானே மறு ஆண்டும் விற்க முடியும் என்பது அவர் கூற்று. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் இதையொத்த செய்தியைத் தருகிறார். பல நாள் கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்து, பயிற்சியோ உரிய சாதனங்களோ இன்றி வீரர்கள் ஏறி விரட்டுவார்களாம். சவுக்கு இல்லாமலே பறந்த குதிரைகள் சிறிது காலத்தில் ஒன்றுக்கும் உதவாமல் தளர்ந்துபோகுமாம்.

மார்க்கோ போலோவின் குற்றச்சாட்டு எல்லா வணிகருக்கும் பொருந்தாதிருக்கலாம். ஆனால் கிதாபில் இவ்வளவு சட்டங்கள் இருந்தும், விற்ற பின் அந்த உயிர் என்ன ஆயிற்று என்று கேட்காதவர்கள் நம்மவரிலும் இருந்திருப்பார்களாயின், அவர்களுக்கும் ஊர்வலத்தில் வாய்மூடி நின்ற நமக்கும் பெரிய வேறுபாடில்லை.

இன்றைய உலகம்

இன்று மேற்கு நாடுகளும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டுகின்றன. நார்வே 1982இல் பந்தயக் குதிரையை விரைவுபடுத்தச் சவுக்கு வீசுவதைத் தடை செய்தது. பிரிட்டனில் 2023 முதல் சமதளப் பந்தயத்தில் 6 முறையும், தடை தாண்டும் பந்தயத்தில் 7 முறையும் மட்டுமே சவுக்கைப் பயன்படுத்தலாம். அந்த எண்ணிக்கையை 4 அல்லது அதற்கு மேல் தாண்டினால் வெற்றியே பறிக்கப்படும். அப்பந்தயங்களோடு ஒட்டியுள்ள சூதாட்டம் நமக்கு ஹராம் என்பதில் ஐயமில்லை. நாம் எடுத்துக்காட்டுவது சவுக்கின் கணக்கை மட்டுமே. எண்ணி அடிப்பது எண்ணாமல் அடிப்பதைவிட மேல். ஆயினும், எத்தனை முறை என்று கேட்பதற்கு முன் ஏன் என்று கேட்கச் சொன்னது நம் மார்க்கம்.

மாணவருக்கு நாம் சொன்ன விடை

இவற்றையெல்லாம் தொகுத்து, அடுத்த பாடத்தில் அம்மாணவருக்கு இவ்வாறு கூறினோம். சவுக்கை வைத்திருப்பது ஹராமன்று. அது ஒரு சைகைக் கருவி. குதிரை களைத்ததா, நோயுற்றதா, மிரண்டதா, சுமை மிகுந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். இவற்றுள் எதுவாயினும் தீர்வு சவுக்கில் இல்லை. ஆற்றல் இருந்தும் கவனம் சிதறி நிற்கும் குதிரையைத் தட்டி நினைவூட்டலாம். முகத்தில் அறவே கூடாது. தோல் கிழிக்கும் கருவியும் இரும்பும் கூடா. கோபத்தில் கூடாது. வழக்கத்தில் உள்ள அளவுக்கு மேல் கூடாது. நிக்காஹ் நாளில் நடந்தது தவறு. வெடி கொளுத்தியவரும் அந்தத் தவறில் பங்குடையவர். பார்த்துக்கொண்டு நின்ற நாமும் பங்குடையவர்தாம்.

மாணவர் அமைதியாகக் கேட்டார். பிறகு அவர் பார்வை நம் மேசைமீது சென்றது. அங்கே பிரம்பு கிடந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை.

இப்னு குதாமா (ரஹ்) குதிரையைப் பழக்குபவரைப் பற்றிப் பேசும் அதே இடத்தில், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியரைப் பற்றியும் பேசுகிறார்கள் என்பதை அன்று நாம் மாணவருக்குச் சொல்லாமல் விட்டிருந்தோம். ஆசிரியர் அடிப்பது பற்றி இமாம் அஹ்மது (ரஹ்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, தம்மால் இயன்றவரை அடிப்பதைத் தவிர்த்துக்கொள்ள வேண்டும் என்றும், விளங்கிக்கொள்ளும் வயதை எட்டாத சிறுவனை அடிக்கவே கூடாது என்றும் அவர்கள் கூறியதாக அங்கே பதிவாகியுள்ளது. பிள்ளை குதிரையன்று; அதனினும் பன்மடங்கு கண்ணியமுடைய அமானிதம். குதிரைக்கே இத்தனை எல்லைகள் என்றால் பிள்ளைக்கு எத்தனை இருக்க வேண்டும்!

அபூமஸ்ஊத் அல்அன்சாரீ (ரலி) அவர்களின் நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. அவர்கள் தம் அடிமையைச் சவுக்கால் அடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் அழைத்தது. கோபத்தில் அக்குரல் யாருடையது என்று அவர்களுக்குப் புரியவில்லை. நெருங்கி வந்தவர்கள் அல்லாஹ்வின் தூதர் (ஸல்)! இவர்மீது உமக்குள்ள ஆற்றலைவிட உம்மீது அல்லாஹ்வுக்குள்ள ஆற்றல் பெரிது என்று அவர்கள் உணர்த்தியபோது, அபூமஸ்ஊதின் கையிலிருந்த சவுக்கு நழுவி விழுந்தது. அந்த அடிமையை அவர்கள் விடுதலை செய்தார்கள்.

நாம் பிரம்பை எடுத்து அலமாரியின் பின்னே வைத்தோம். இன்று வரை அதை மீண்டும் எடுக்கவில்லை. பாடம் சற்று மெதுவாகச் செல்கிறது; சில பிள்ளைகள் சபக்கை ஒப்பிக்க ஒருநாள் கூடுதலாக எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு நிக்காஹில் குதிரை தேவைதானா என்று சிந்தியுங்கள். அழைத்துத்தான் வருவீர்களாயின் வெடியைத் தவிருங்கள். தண்ணீரும் நிழலும் கொடுங்கள். அதன்மீது ஓங்கும் கையைத் தடுத்து நிறுத்துங்கள். அன்று நாம் செய்யத் தவறியதை நீங்கள் செய்யுங்கள்.

நம் கைகளில் ஒப்படைக்கப்பட்ட வாயில்லா உயிர்களிடத்திலும், வாய் இருந்தும் பேச அஞ்சும் சிறு உயிர்களிடத்திலும் மென்மையோடு நடந்துகொள்ள வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.